தேடுவதை நிறுத்தாத இறைவன்

(வானொலி ஞாயிறு சிந்தனை – பொதுக்காலம் 24ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வாசகங்கள்: விடுதலைப் பயணம் 32:7-11,13-14, 1 திமொத்தேயு 1:12-17, லூக்கா 15:1-32)



இன்று நாம் வாசிக்கும் லூக்கா நற்செய்தியின் 15ஆம் பிரிவு, நமக்குப் பழக்கமான பகுதி. காணாமற்போன ஆடு, காணாமற்போன காசு, காணாமற்போன மகன் என்று மூன்று உவமைகளை இயேசு தொடர்ந்து சொல்கிறார். சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பிலேயே இவற்றைக் கேட்டுவிட்டோம். பழகிய கதை என்பதால், அதில் உள்ள ஒரு கடினமான கேள்வியைக் கவனிக்காமலே கடந்துபோய்விடுகிறோம். காணாமற்போனதை எவ்வளவு காலம் தேடுவது? எந்த நாளில், "இனி இல்லை" என்று முடிவுகட்டி வீடு திரும்புவது?

கிடைக்கும்வரை தேடுகிறார் ஆயர் என்று இயேசு சொல்கிறார். அதற்கு ஒரு கெடு வைக்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று உங்களை ஒரு தூரதேசத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். கரீபியன் கடலில் உள்ள ஜமைக்கா தீவில் நடந்த உண்மை நிகழ்வு இது. இதில் காணாமற்போனது ஆடும் அல்ல, காசும் அல்ல. ஊர்ந்து திரியும் ஓர் உயிரினம்.

ஓணான் என்றதும் நம்மில் பலருக்குச் சிறுவயது நினைவு வரும். வேலி ஓரத்தில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாம் கையில் கல்லை எடுப்போம். ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்தவர்களும் நம்மில் உண்டு. அது நமக்கு எந்தத் தீங்கும் செய்ததில்லை. ஆனாலும் அதை அடிப்பது ஒரு விளையாட்டு. அப்போது யாரும் நம்மைத் தடுத்ததாக நினைவில்லை. பெரியவர்களும் சிரித்துக்கொண்டே கடந்துபோனார்கள்.

ஆனால், விவிலியம் இச்சிறிய உயிரை வேறு கண்ணோடு பார்க்கிறது. நீதிமொழிகள் நூலின் 30ஆம் பிரிவில், உலகில் சிறியவையாக இருந்தும் ஞானம் மிக்கவை என்று நான்கு உயிர்கள் சொல்லப்படுகின்றன. எறும்பும், குறுமுயலும், வெட்டுக்கிளியும் முதல் மூன்று. நான்காவதாக வருவது பல்லி. கைக்குள் அடங்கிவிடும் அந்தப் பல்லி, அரசரின் மாளிகைக்குள்ளேயே குடியிருக்கிறது என்று அந்த ஞானி வியக்கிறார். தொடக்கநூலின் முதல் பிரிவோ, நிலத்தில் ஊர்வனவற்றையும் கடவுளே உருவாக்கினார் என்றும், அவற்றைப் பார்த்து நல்லது என்று கண்டார் என்றும் சொல்கிறது. நாம் கல்லெறிந்த ஓணானையும் சேர்த்துத்தான் அவர் நல்லது என்றார்.

சரி, ஜமைக்காவுக்கு வருவோம். அத்தீவில் மட்டுமே வாழும் ஓர் இகுவானா உண்டு. உலகில் வேறெந்த நாட்டுக் காட்டிலும் அது இயற்கையாக வாழ்வதில்லை. பார்ப்பதற்கு நம் ஊர் உடும்பைப் போன்ற உருவம். முதுகு நெடுகச் சீப்புப் பல் போன்ற முட்கள். வாலையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வளரும். தோற்றம் அச்சமூட்டினாலும், அதன் உணவு பெரும்பாலும் இலையும் பூவும் பழமும்தான். பழங்களைத் தின்று விதைகளைக் காடெங்கும் பரப்புகிறது. அந்தக் காட்டுக்கு அது சம்பளம் வாங்காத தோட்டக்காரர்.

ஜூன் மாத வாக்கில் பெண் இகுவானா, பாறை இடுக்குகளில் உள்ள சிவந்த மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மண்ணால் மூடிவிடும். உடனே போய்விடாது, வேறொன்று வந்து அந்த இடத்தைத் தோண்டிவிடாதபடி சில நாள்கள் காவல் காக்கும். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, நாம் படைப்பின் காலத்தைச் சிறப்பிக்கும் இதே செப்டம்பர் மாதத்தை ஒட்டி, குஞ்சுகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

1845ஆம் ஆண்டு, இலண்டனில் பணியாற்றிய ஜான் எட்வர்டு கிரே என்ற விலங்கியலாளர் இந்த இகுவானாவுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதே 1845ஆம் ஆண்டு மே மாதத்தில்தான், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்களை ஏற்றிவந்த முதல் கப்பல் ஜமைக்காவின் ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் கரைசேர்ந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகள் 1838இல் முழு விடுதலை பெற்றபின், அவர்கள் இடத்தை நிரப்ப நம் நாட்டு ஏழைகள் கடல்கடந்து அழைத்துச் செல்லப்பட்டார்கள். அந்த விரிகுடாவுக்கு அருகில்தான் நம் கதையில் வரும் காடும் தீவுகளும் இருக்கின்றன.

கரும்புத் தோட்டங்களில் ஒரு பெரிய தொல்லை இருந்தது, எலிகள். அவை கரும்பைக் கடித்து நாசம் செய்தன. தோட்ட முதலாளி ஒருவர் 1872ஆம் ஆண்டு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நம் கொல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்துத் தோட்டத்தில் விட்டார். ஒன்பதே ஒன்பது. கீரி எலியைத் தின்னும், கரும்பு பிழைக்கும் என்பது கணக்கு. தொடக்கத்தில் கணக்குச் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றியது. மற்றத் தோட்டக்காரர்களும் கீரிகளை விரும்பிக் கேட்டு வாங்கிச் சென்றார்கள். கீரிகள் பெருகித் தீவெங்கும் பரவின.

எலி இரவில் திரியும். கீரி பகலில் இரை தேடும். பகலில், தரையில், எளிதில் அகப்பட்டவை எவை? தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளும், பல்லி இனங்களும், மண்ணிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இகுவானாக் குஞ்சுகளும்தான். கீரி என்ற ஒன்றை அதுவரை அறியாத அத்தீவின் உயிர்களுக்குத் தப்பிக்கத் தெரியவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று நம் ஊரில் சொல்வோம். இங்கே கதை தலைகீழ். கீரியை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார்கள், அழிந்துபோனதோ வேலியில் இருந்த ஓணான்.

கீரியை மட்டும் குறைசொல்லிவிட முடியாது. இகுவானா வாழ்ந்த தெற்குக் கடற்கரைக் காடுகள் விளைநிலத்துக்காக வெட்டப்பட்டன. அடுப்புக்கரிக்காக மரங்கள் எரிக்கப்பட்டன. நாய், பூனை, காட்டுப்பன்றி என்று மனிதரோடு வந்த விலங்குகளும் சேர்ந்துகொண்டன. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், கரையை ஒட்டிய கோட் தீவுகள் என்னும் இரு சிறு தீவுகளில்தான் இகுவானாக்கள் எஞ்சியிருப்பதாக மக்கள் நினைத்தார்கள். 1940களில் அங்கும் அவை மறைந்தன. ஜமைக்காவின் இகுவானா அழிந்துவிட்டது என்று அறிஞர்கள் முடிவுசெய்தார்கள். கணக்கு முடிக்கப்பட்டது.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். அழிந்துவிட்டது என்று எழுதியவர்கள் தீயவர்கள் அல்லர். தெரிந்த வரையில் நேர்மையாகத்தான் எழுதினார்கள். ஆனால், அந்த ஒரு வரி எழுதப்பட்டபின் என்ன நடக்கும்? தேடுவது நின்றுவிடும். இல்லாத ஒன்றை யார் தேடப்போவார்கள்? இல்லாத ஒன்றுக்காகக் காட்டை யார் காப்பாற்றுவார்கள்? 1970ஆம் ஆண்டு, ஹெல்ஷயர் குன்றுகளில் ஓர் இகுவானாவின் உடல் கிடைத்தது. உயிர் இல்லாத உடல்தான்; ஆனாலும் அது ஓர் அடையாளம். அதன்பின்னும் உயிருள்ள ஒன்று மனிதர் கைக்கு வர இன்னும் 20 ஆண்டுகள் ஆயின.

1990ஆம் ஆண்டு அது நடந்தது. ஹெல்ஷயர் குன்றுகள் எளிதில் நடக்கக்கூடிய இடம் அல்ல. கத்தி முனைபோன்ற சுண்ணாம்புப் பாறைகள், தண்ணீர் இல்லாத வறண்ட காடு, சுட்டெரிக்கும் வெயில். அங்கே காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன ஏழை மனிதர் ஒருவரின் நாய், ஒரு விலங்கைப் பிடித்தது. அது பன்றி அல்ல. அவர் அறிஞர் அல்லர். இகுவானாவைத் தேடிப் போனவரும் அல்லர். அன்றைய சமையலுக்கு அதை அறுத்திருக்கலாம்; நாய்க்கே விட்டிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. இது ஏதோ அரிதான உயிர் என்று உணர்ந்து, உயிரோடு தூக்கிக்கொண்டு, தலைநகர் கிங்ஸ்டனில் உள்ள ஹோப் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இறந்துபோயிற்று என்று எல்லாரும் எண்ணியிருந்தது உயிரோடு இருந்தது. காணாமற்போயிருந்தது கிடைத்தது. இந்தச் சொற்களை நாம் எங்கே கேட்டிருக்கிறோம் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கண்டுபிடித்த மகிழ்ச்சியோடு வேலை முடிந்துவிடவில்லை, அங்கேதான் தொடங்கியது. ஆய்வாளர்கள் அந்தக் குன்றுகளுக்குள் நுழைந்து தேடினார்கள். மிகச் சிறிய கூட்டம் ஒன்று உயிர்பிழைத்திருந்தது. முட்டையிடும் பெண் இகுவானாக்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம் போலிருந்தது. வளர்ந்தவை பல முதிர்ந்தவை. இளையவை கண்ணில் படவே இல்லை. குஞ்சுகள் ஒவ்வோர் ஆண்டும் பிறந்துகொண்டுதான் இருந்தன. கீரிகள் அவற்றை வளரவிடவில்லை. பிள்ளைகள் இல்லாத முதியோர் இல்லம்போல இருந்தது அந்தக் காடு.

எனவே, எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள். மண்ணிலிருந்து குஞ்சுகள் வெளியே வரும் நேரத்தில் முட்டையிட்ட இடத்தருகே காத்திருந்து, அவற்றில் சிலவற்றை எடுத்துச் சென்று, உயிரியல் பூங்காவில் சில ஆண்டுகள் வளர்த்தார்கள். கீரியால் தின்ன முடியாத அளவுக்கு உடல் பெருத்தபின், பிறந்த அதே காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 1996இல் முதல்முறை அப்படி விட்டார்கள். வெளிநாட்டு உயிரியல் பூங்காக்களும் சிலவற்றை வாங்கி வளர்த்தன. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் பூங்காவில் குஞ்சுகள் பொரித்தன. காட்டிலோ, முட்டையிடும் இடங்களைச் சுற்றிக் கீரிப்பொறிகள் வைத்து, நாள்தோறும் அவற்றைப் பார்த்து வந்தார்கள். இவ்வாறு நூற்றுக்கணக்கான இகுவானாக்கள் காடு திரும்பின. முட்டையிட வரும் பெண் இகுவானாக்களின் எண்ணிக்கையும் பல மடங்கு உயர்ந்தது.

இயேசுவின் இரண்டாவது உவமையை இங்கே நினைத்துப் பார்ப்போம். பத்துக் காசுகளில் ஒன்றைத் தொலைத்த பெண், விளக்கை ஏற்றுகிறார், வீட்டைப் பெருக்குகிறார், கவனமாகத் தேடுகிறார். ஆயரின் தேடலில் ஒரு வீரம் இருக்கிறது. மலையேறி, ஆட்டைத் தோளில் சுமந்து வருகிறார். அப்பெண்ணின் தேடலில் வீரம் எதுவும் இல்லை. துடைப்பத்தை எடுத்து மூலைமுடுக்கெல்லாம் கூட்டுகிறார், அவ்வளவுதான். வெயிலில் பாறைமேல் நடந்து, நேற்று வைத்த பொறியை இன்றும் பார்த்து, நாளையும் பார்க்கப்போகும் அந்தக் களப்பணியாளர்களின் வேலை, இப்பெண்ணின் வேலையைப் போன்றது. நம் வீடுகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் தாய்மாரின் வேலையும் அதுதான். விண்ணகத்தின் மகிழ்ச்சி இத்தகைய துடைப்பத்திலிருந்தும் பிறக்கிறது என்று இயேசு சொல்கிறார்.

இந்நேரம் உங்களில் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். மனிதரே சோற்றுக்கு இல்லாமல் இருக்கும்போது, ஓர் ஓணானுக்கு இவ்வளவு செலவும் உழைப்பும் தேவையா? இந்தச் சிந்தனையைத் தயாரிக்கும்போது எங்களுக்குள்ளும் இக்கேள்வி எழுந்தது. இது நேர்மையான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது.

ஹெல்ஷயர் காட்டில் மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் பணக்காரர்கள் அல்லர். வேறு பிழைப்பு இல்லாதவர்கள். அக்காடு இருக்கும் கடற்பகுதி 1999ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பசித்தவருக்கு அறிவிப்புப் பலகை சோறு போடாது. 2013ஆம் ஆண்டு, அந்தக் கோட் தீவுகளில் பெரிய சரக்குத் துறைமுகம் கட்டும் திட்டம் பேசப்பட்டது. வேலை கிடைக்கும் என்று சிலர் வரவேற்றார்கள். காடும், மீன்கள் குஞ்சு பொரிக்கும் அலையாத்தி நிலங்களும் போய்விடும், அதை நம்பியிருக்கும் மீனவர் பிழைப்பும் போய்விடும் என்று பலர் எதிர்த்தார்கள். அத்துறைமுகம் அங்கே வராது என்று 2016இல் அந்நாட்டுப் பிரதமர் அறிவித்தார். கடற்கரையில் வாழும் நம் நேயர்களுக்கு, இந்த வாக்குவாதத்தின் இரு பக்கங்களும் நன்றாகவே தெரியும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் ஒன்றாகக் கேட்கச் சொன்னார். ஒன்றைக் கேட்க மற்றொன்றுக்குக் காதை மூடு என்று அவர் சொல்லவில்லை. ஜமைக்காவின் வரலாறும் அதைத்தான் காட்டுகிறது. ஆப்பிரிக்கரைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்ததும், நம் நாட்டு ஏழைகளை ஒப்பந்தத்தில் கட்டிக் கொண்டுவந்ததும், ஒன்பது கீரிகளைக் கூண்டில் கொண்டுவந்ததும் ஒரே கரும்புக்காக. உயிர்களைக் கருவிகளாக மட்டும் பார்த்த அதே பார்வை, மனிதரையும் வதைத்தது, ஓணானையும் அழித்தது. எது பயன்படும், எது பயன்படாது என்று மட்டும் கேட்கப் பழகிய மனம், ஒருநாள் அதே கேள்வியை வீட்டில் இருக்கும் முதியவரைப் பார்த்தும் கேட்கும்.

நூறு ஆடுகளில் ஒன்றைத் தேடிப் போவதும் இலாபக் கணக்கில் வராத செயல்தான். அந்த ஒன்று விலை அதிகமானது என்று இயேசு சொல்லவில்லை. அது ஆயருக்குச் சொந்தமானது, அதனால் தேடுகிறார்.

இந்தச் 'சொந்தம்' என்ற சொல்லில்தான் இன்றைய வாசகங்களின் உயிர் இருக்கிறது என்று நாங்கள் எண்ணுகிறோம். முதல் வாசகத்தைப் பாருங்கள். பொற்கன்றை வணங்கிய மக்கள்மீது ஆண்டவர் சினம் கொள்கிறார். மோசேயிடம் பேசும்போது, 'உன் மக்கள்' என்று அவர்களைக் குறிப்பிடுகிறார். மோசேயோ, மறுமொழியில், 'உம் மக்கள்' என்று திருப்பிச் சொல்கிறார். ஆண்டவரே, இவர்கள் உமக்குச் சொந்தமானவர்கள் என்பதை அவருக்கே நினைவூட்டுகிறார். அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட மோசே இசையவில்லை.

நற்செய்தியிலும் இதே நிகழ்கிறது. வீட்டுக்குள் வர மறுக்கும் மூத்த மகன், தந்தையிடம் பேசும்போது 'உம் மகன்' என்கிறான். 'என் தம்பி' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தந்தை கோபிக்கவில்லை. தன் மறுமொழியில், 'உன் தம்பி' என்ற இரு சொற்களை மெல்ல எடுத்து அவன் கையில் கொடுக்கிறார். இளையவன் தொலைதூரத்தில் காணாமற்போனான். மூத்தவனோ, தம்பி இறந்துவிட்டதாகத் தன் மனத்தில் எழுதிவைத்து, வீட்டு வாசலிலேயே காணாமற்போனான்.

அன்பு நேயர்களே, இங்கே எங்கள் தவறு ஒன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

சில மாதங்களுக்குமுன், கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய அனுமதியோடு, பெயரையும் ஊரையும் தவிர்த்து இதைச் சொல்கிறோம். அவருடைய இளைய மகன் குடிக்கு அடிமையாகி, அக்காவின் திருமணத்துக்குச் சேர்த்துவைத்த நகையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான். ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பின்பு கடன் வாங்கி அக்காவின் திருமணத்தை நடத்தினார்கள். அழைப்பிதழில் குடும்பத்தார் பெயர்களை அச்சிட்டபோது, அவன் பெயரைச் சேர்க்கவில்லை. குடும்பச் செபமாலையிலும் அவன் பெயரைச் சொல்லக்கூடாது என்று தந்தை சொல்லிவிட்டார். "எனக்கு இருப்பது ஒரே மகள்தான்" என்று வெளியாரிடமும் சொல்லத் தொடங்கினார். அந்தத் தாய் கடிதத்தின் முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். அடுப்படியில் நின்று, யாருக்கும் கேட்காமல், அவனுக்காக நான் வேண்டிக்கொள்வது என் கணவருக்குக் கீழ்ப்படியாத பாவமா?

அந்தக் கடிதத்தைப் படித்து நாங்கள் வருந்தினோம். என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. பிறகு எழுதலாம் என்று ஒரு கோப்பில் வைத்தோம். நாள்கள் ஓடின. நான்கு மாதங்களுக்குப்பின், அலமாரியை ஒழுங்குசெய்தபோது, பதில் தேவைப்படாத பழைய கடிதங்களின் கட்டில் அது கிடந்தது. ஏழு ஆண்டுகளுக்குமுன் போன மகன், இனி வரப்போவதில்லை என்று எங்களுக்குள்ளும் யாரோ முடிவுசெய்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் அழைப்பிதழைக் குறைசொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. நாங்களும் அதே அச்சகத்தில்தான் அச்சிட்டிருக்கிறோம்.

அன்றே அத்தாய்க்குப் பதில் எழுதினோம். மன்னிப்புக் கேட்டோம். அம்மா, நீங்கள் செய்வது பாவம் அல்ல, அது மோசே செய்த வேலை என்று எழுதினோம். உங்கள் கணவரின் கோபத்துக்குள் இருப்பது வெறுப்பு மட்டும் அல்ல, காயமும் இருக்கிறது. அவருக்காகவும் அதே அடுப்படியில் வேண்டிக்கொள்ளுங்கள் என்றும் எழுதினோம். நகையைப் பறிகொடுத்து, கடனை அடைத்த அந்தத் தந்தையின் வலி சிறிதல்ல. மூத்த மகனிடம் வெளியே வந்து கெஞ்சிய உவமைத் தந்தை, இந்தத் தந்தையிடமும் கெஞ்சிக்கொண்டுதான் இருப்பார்.

சென்ற வாரம் அத்தாயிடமிருந்து நான்கு வரிகளில் ஓர் அஞ்சலட்டை வந்தது. மகன் வரவில்லை. எங்கே இருக்கிறான் என்ற தகவலும் இல்லை. ஆனால், ஒருநாள் மாலை செபமாலையின் முடிவில், அவர் துணிந்து, உரத்த குரலில் மகனின் பெயரைச் சொல்லியிருக்கிறார். கணவர் எழுந்து போய்விடுவார் என்று அஞ்சினாராம். அவர் போகவில்லை. தலைகுனிந்து உட்கார்ந்திருந்து, மற்றவர்களோடு சேர்ந்து 'ஆமென்' என்றாராம்.

இதை ஒரு வெற்றிக் கதையாக உங்களுக்குச் சொல்லவில்லை. ஜமைக்காவின் இகுவானாவும் முழுமையாகத் தப்பிவிடவில்லை. அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில்தான் அது இன்றும் இருக்கிறது. கீரிப்பொறிகளைக் கவனிப்பதை நிறுத்தினால், குஞ்சுகள் மறுபடியும் இரையாகிவிடும். கரிமூட்டப் புகை இன்னும் அந்தக் குன்றுகளைவிட்டு அகலவில்லை. ஆனால், அழிந்தது என்ற வரி அடிக்கப்பட்டுவிட்டது. பெயர் மீண்டும் உயிருள்ளவர்களின் பட்டியலில் ஏறிவிட்டது. பெயர் இருக்கும்வரை தேடல் இருக்கும்.

இந்த வாரம் நாம் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம்.

முதலாவது, நம் குடும்பச் செபத்தில் சொல்லாமல் விட்டுவிட்ட ஒரு பெயரை மீண்டும் சொல்வோம். சண்டையிட்டுப் பிரிந்த உடன்பிறந்தவராக இருக்கலாம். வேற்று மதத்திலோ வேற்றுச் சாதியிலோ மணம் முடித்ததற்காக ஒதுக்கப்பட்ட மகளாக இருக்கலாம். ஆலயத்துக்கு வருவதை நிறுத்திய அண்டை வீட்டாராக இருக்கலாம். அவர் திரும்பி வருவாரா என்பது நம் கையில் இல்லை. பெயரைச் சொல்வது நம் கையில் இருக்கிறது.

இரண்டாவது, ஒரு தொல்லையைத் தீர்க்க அவசரப்பட்டு முடிவெடுக்குமுன், அதனால் யார் வதைபடுவார் என்று ஒருமுறை கேட்போம். வீட்டிலும், பங்கிலும், ஊரிலும் நாம் கொண்டுவரும் 'ஒன்பது கீரிகள்' பல உண்டு. கோபத்தில் சொன்ன ஒரு சொல், ஆத்திரத்தில் எழுதிய ஒரு புகார் மனு, எளிதான வழி என்று பயிரில் தெளித்த ஒரு நஞ்சு. விடுவது எளிது, திரும்பப் பிடிப்பது கடினம்.

மூன்றாவது, நம் பிள்ளைகள் ஓணான்மீது கல்லெறிய ஓங்கும்போது, அந்தக் கையை அன்போடு பிடித்து நிறுத்துவோம். அதையும் கடவுள்தான் படைத்தார் என்று சொல்வோம். இது சின்ன விடயம் என்று தோன்றலாம். தன்னைவிடச் சிறிய உயிரின்முன் கையை இறக்கக் கற்றுக்கொள்ளும் குழந்தை, நாளை தன்னைவிட எளிய மனிதரின் முன்னும் கையை இறக்கும்.

அந்தப் பன்றி வேட்டைக்காரரை நினைத்துக்கொண்டு நிறைவு செய்வோம். அவர் மறையுரை ஆற்றவில்லை, மாநாட்டில் பேசவில்லை. நாயின் வாயில் அகப்பட்ட ஓர் உயிரைப் பார்த்து, இது வாழட்டும் என்று முடிவுசெய்தார். ஓர் இனமே அழிந்துவிட்டது என்ற தீர்ப்பு, அந்த ஒரு முடிவால் மாறத் தொடங்கியது. இந்த வாரத்தில் நம் கையிலும் அப்படி ஓர் உயிர், ஓர் உறவு வந்து சேரலாம். அப்போது நம் கை என்ன செய்யும்?

கிடைக்கும்வரை தேடும் ஆயனே, எங்கள் ஆண்டவரே! நாங்கள் இல்லை என்று எழுதிவிட்டவர்களை நீர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர். எங்கள் எழுதுகோலை எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும். உம் விளக்கையும் துடைப்பத்தையும் எங்களுக்குத் தாரும். உம் கைகளின் படைப்பாகிய ஊர்வன, பறப்பன, நடப்பன அனைத்தையும், காணாமற்போன எங்கள் பிள்ளைகளையும், காத்திருக்கும் பெற்றோரையும் உம் பாதத்தில் வைக்கிறோம். ஆமென்.